ஓட்டை மூடியது, காது திறந்தது!

காது என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது தோடும் ஜிமிக்கியும்தான். அந்தத் தோட்டைத் தாங்குகிற மடலுக்கு உள்ளே, ஒரு அங்குல தூரத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. செவிப்பறை என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம் வீடுகளில் காது ஜவ்வு என்போம். அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். எனக்கு இடது காதில் அந்த ஜவ்வு ஓட்டையாகி, முப்பத்தேழு வருஷம் அதோடு காலம் தள்ளி, 2022இல்தான் ஆபரேஷன் செய்து மூடினார்கள். அந்த அனுபவத்தை எழுதினால் யாராவது ஒரு சகோதரிக்காவது, ஒரு குழந்தைக்காவது உபயோகப்படுமே என்றுதான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஊர் குளித்தலைப் பக்கம், காவிரிக்கரை. 1985இல் எனக்கு ஏழு வயசு. நல்ல சளி, ஜுரம். மூன்றாம் நாள் ராத்திரி காதில் அப்படி ஒரு குத்துவலி. தெருவே எழுந்து வரும்படி கத்தினேனாம். விடியற்காலையில் பார்த்தால் தலையணை சீழும் ரத்தமுமாக நனைந்திருந்தது. வலி மட்டும் சட்டென்று நின்றுவிட்டது. "உடைச்சிக்கிட்டு வந்திடுச்சு, இனி பயமில்லை" என்று பாட்டி நிம்மதியாகப் பூண்டு போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டாள். அந்த நாளில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வைத்தியம். உடைந்தது கட்டி அல்ல, ஜவ்வு என்று யாருக்குத் தெரியும்?

பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படி உடைந்த ஜவ்வு கொஞ்ச நாளில் தானாகவே ஆறிவிடுமாம். எனக்கு ஆறவில்லை. சளி பிடித்தால் வடியும். ஆற்றில் முழுகினால் வடியும். சொட்டு மருந்து விட்டால் காயும். காய்ந்ததும் எல்லாரும் அதை மறந்துவிடுவார்கள். "வயசுக்கு வந்தா சரியாயிடும்" என்றார்கள். பிறகு "கல்யாணமானா சரியாயிடும்" என்றார்கள். இரண்டும் ஆயிற்று. காது மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு காதோடு குடித்தனம்

ஒரு காது நன்றாக இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். பேச்சு கேட்கும், வாஸ்தவம்தான். ஆனால் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு காதும் வேண்டும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அழுகிற சத்தம் கேட்கும். தொட்டிலிலா, கூடத்திலா, கொல்லையில் யாராவது தூக்கி வைத்திருக்கிறார்களா என்று தெரியாது. வீடு முழுக்க ஓடித் தேடுவேன். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் இடது பக்கம் உட்கார்ந்தவர் பேசுவதற்கெல்லாம் சும்மா தலையை ஆட்டி வைப்பேன். தெருவில் இடது பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு நான் திரும்பாமல் போனால், "அவளுக்கு ரொம்பத் திமிர்" என்று பேர் வரும். இதையெல்லாம் யாரிடம் போய் விளக்கிக்கொண்டிருப்பது? என் கணவர் மட்டும் கல்யாணமான புதிதிலேயே புரிந்துகொண்டு, எங்கே போனாலும் என் வலது பக்கமாகவே நடந்து வருவார்.

2022 ஆடி மாதம், திருச்சியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அவருக்கு ராத்திரி ஷிஃப்ட். நான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நல்ல காது தலையணையில் புதைந்திருந்தது. என் மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. நடுராத்திரியில் அவருக்குச் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடி தூரம்கூட இல்லை. எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள்.

காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எனக்குப் பாக்கறதெல்லாம் இருக்கட்டும். முதல்ல உன் காதைக் காட்டும்மா. எத்தனை வருஷத்துக்கு இப்படியே இருப்பே?" என்றார். அந்த வாரமே கிளம்பினோம்.

நெற்றியில் வைத்த கவை

காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு பெண்மணி. "எத்தனை வருஷமா இப்படிம்மா?" என்றார். "ஏழு வயசிலேருந்து டாக்டர்" என்றேன். சின்னக் குழாய் போன்ற கருவியைக் காதில் வைத்து, உள்ளே தெரிவதை டிவி மாதிரி ஒரு திரையில் காட்டினார். நடு ஜவ்வில் அவரைக்கொட்டை வடிவத்தில் ஓர் ஓட்டை. என் காதை நானே அன்றுதான் பார்த்தேன்.

பிறகு இசைக்கவை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைத் தட்டி என் நெற்றியின் நடுவில் வைத்து, "எந்தக் காதில் அதிகம் கேக்குது?" என்றார். ஆச்சரியம்! கேட்காத இடது காதில்தான் கணீரென்று கேட்டது. ஏதோ தப்பாகச் சொல்கிறோமோ என்று தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரியாத்தான் சொல்றீங்க. நரம்பு நல்லா இருக்கு. சத்தம் உள்ளே போற வழியிலதான் கோளாறு. இது நல்ல சகுனம்" என்றார்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். வெளியிலிருந்து வருகிற சத்தம் ஜவ்வில் பட்டு, அது தவில் தோல் மாதிரி அதிர வேண்டும். அந்த அதிர்ச்சியைப் பின்னாலிருக்கும் மூன்று குட்டி எலும்புகள் கை மாற்றிக் கை மாற்றி உள்காதுக்குக் கொண்டு போகின்றன. அதில் கடைசி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. தவில் கிழிந்தால் நாதம் எப்படி வரும்? அதோடு, ஓட்டை வழியாகத் தண்ணீரும் கிருமியும் நேராக நடுக்காதுக்குப் போய், திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது.

சீழ் வடிகிற காதிலும் இரண்டு ரகம் உண்டாம். என்னுடையது போல நடு ஜவ்வில் ஓட்டையாகி, சளி மாதிரி வடிவது ஒரு ரகம். இன்னொன்றில் ஜவ்வின் ஓரத்திலோ மேல்பக்கத்திலோ தோல் உள்ளே மடிந்து வளர்ந்து, பக்கத்து எலும்பை மெதுவாக அரித்துக்கொண்டே போகும். கொஞ்சமாகத்தான் வடியும், ஆனால் துர்நாற்றம் அடிக்கும். அது மூளைவரை போய் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். அதற்கு ஆபரேஷனும் வேறு, அவசரமும் அதிகம். எது எந்த ரகம் என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒலிபுகாத ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி ஆடியோகிராம் எடுத்தார்கள். 'பீப்' சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். இடது காதுக்கு 42 டெசிபல் என்று வந்தது. சாதாரணமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற பேச்சே அந்தக் காதில் மங்கலாகத்தான் விழும் என்று அர்த்தம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் ஆயிற்று.

"ஆபரேஷன் செய்தால் நிச்சயமாக மூடிக்கொள்ளுமா டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார். "பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு மூடிக்கும். சிலருக்கு ஒட்டாமல் போகலாம், மறுபடி செய்ய வேண்டி வரலாம். ஜவ்வு மூடினாலும் சிலருக்குக் கேட்கும் திறன் அவ்வளவா ஏறாது. ஆனா வடியறது நிக்கும், அதுவே பெரிய லாபம்" என்று ஒளிக்காமல் சொன்னார். கிறுகிறுப்பு, காதில் இரைச்சல், நாக்கில் ருசி மாறுவது, மிக அபூர்வமாக முக நரம்பில் பாதிப்பு என்று வரக்கூடியவற்றையும் சொன்னார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு காதாவது கேட்கிறதே, இருக்கிறதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று ஒரு மனசு. ஆறடி தூரத்தில் அத்தை கூப்பிட்டது கேட்கவில்லையே என்று இன்னொரு மனசு. இரண்டாவதுதான் ஜெயித்தது.

பந்தல் போட்டார்கள்

காது நன்றாகக் காய்ந்த பிறகு ஆபரேஷன் செய்வது நல்லது என்றார்கள். சொட்டு மருந்தும், தண்ணீர் படாத காவலுமாக இரண்டு மாதம் போயிற்று. நவராத்திரி கொலுவை எடுத்து வைத்த கையோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன்.

காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை மழித்தார்கள். முழு மயக்கம் கொடுக்கவில்லை. ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, கூடவே கொஞ்சம் அசத்துகிற மருந்தும் கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு என்றால் முழு மயக்கம்தான். வலி இல்லை. ஆனால் காதுக்குள் சுரண்டுகிற சத்தம், கருவிகள் உரசுகிற சத்தம், டாக்டர் நர்ஸிடம் பேசுவது எல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

புது ஜவ்வுக்குத் துணி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம்மிடமிருந்தேதான். வெற்றிலை மெல்லும்போது நெற்றிப்பொட்டுக்கு மேலே ஒரு தசை அசைகிறதே, அதன்மேல் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு சிறு துண்டை எடுத்து உலர்த்துகிறார்கள். உலர்ந்ததும் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிடுமாம். ஓட்டையின் பழைய ஓரத்தைச் சுரண்டிப் புதுப் புண்ணாக்கி, இந்தத் துண்டை ஜவ்வுக்கு அடியில் விரித்து, அது நழுவாமல் இருக்க, தானாகக் கரைகிற ஒரு பஞ்சை மேலும் கீழும் அடைக்கிறார்கள். ஒட்டுப்போடுவதோடு வேலை முடியவில்லை. அந்தத் துண்டு ஒரு பந்தல் மாதிரிதான். ஓரத்திலிருக்கும் நம் சொந்தத் தோல் அவரைக்கொடி போல அதன்மேல் படர்ந்து மூட வேண்டும். பந்தல் போடுவது டாக்டர். படர வேண்டியது உடம்பு.

மனிதர்கள் இதற்கு எத்தனை காலமாக முயன்றிருக்கிறார்கள் என்று என் மகள் படித்துச் சொன்னாள். 1640இலேயே மார்கஸ் பான்சர் என்ற ஜெர்மன் வைத்தியர், ஒரு சிறு குழலின் முனையில் பன்றியின் நீர்ப்பையைக் கட்டிக் காதில் செருகிப் பார்த்தாராம். 1878இல் பெர்த்தோல்ட் என்பவர் தோலை வைத்து ஓட்டையை மூடினார். 1950களில் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரண்டு ஜெர்மன் டாக்டர்கள் மைக்ரோஸ்கோப்பின் உதவியோடு இதை முறைப்படுத்தினார்கள். இந்தத் தசை உறையை எடுத்து ஒட்டும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. பன்றியின் நீர்ப்பையை நினைத்துக்கொண்டபோது, நம் சொந்தச் சருகே தேவலை என்று எனக்குத் தோன்றியது!

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. "கண்ணை இறுக்க மூடுங்க, பல்லைக் காட்டுங்க" என்றார் டாக்டர். முக நரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. "அம்மா, முண்டாசு கட்டின மகாராஜா மாதிரி இருக்கே" என்று மகள் சிரித்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆறு வாரம்

டாக்டரின் வேலை ஒன்றரை மணி நேரம். வீட்டின் வேலை ஆறு வாரம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. மூக்கை அழுத்திச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வாயையும் மூக்கையும் பொத்தினால் காற்று உள்வழியாகக் காதுக்குப் போய் ஒட்டைத் தூக்கிவிடும். கனம் தூக்கக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது.

இப்போது சொல்லுங்கள், மிளகாய் தாளிக்கிற நெடியில் தும்மாமல் யாரால் சமைக்க முடியும்? அத்தை அடுப்படி வாசலில் கோடு கிழிக்காத குறையாக, "ஆறு வாரத்துக்கு நீ இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றுவிட்டார். எழுபத்திரண்டு வயசில் அவர் உட்கார்ந்துகொண்டு காய் நறுக்க, மகள் நின்று சமைத்தாள். தண்ணீர்க் குடமும் சிலிண்டரும் என் கணவர் பொறுப்பு. பதினெட்டு வருஷத்தில் நான் அடுப்படிப் பக்கம் போகாமல் இருந்தது அந்த ஆறு வாரம்தான்.

எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டாம் வாரம் காதை அடைத்திருந்த துணியை எடுத்தார்கள். அதன்பின் ஒரு நாள் பஞ்சில் காபி நிறத்தில் ஈரம் தெரிந்தது. எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. போச்சு, மறுபடி வடிய ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தேன். ஓடிப்போய்க் காட்டினோம். "உள்ளே வச்ச பஞ்சு கரைஞ்சு வருது, அவ்வளவுதான். ஜுரம், அதிக வலி, நாத்தம் இருந்தாத்தான் பயப்படணும்" என்றார் டாக்டர். காதுக்குள் கடுகு வெடிக்கிற மாதிரி படபடப்பும் அவ்வப்போது இருந்தது. மடலின் மேல்பாதி மரத்துப் போயிருந்தது. சீப்பு பட்டால்கூடத் தெரியாது. இடது நாக்கில் எல்லாமே செம்புக் காசு ருசி. நாக்குக்குப் போகும் மெல்லிய நரம்பு ஒன்று ஜவ்வுக்குப் பின்புறமாகவே ஓடுகிறதாம். அத்தை அவ்வளவு ஆசையாக வைத்துக் கொடுத்த மிளகு ரசம் செம்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? "அமிர்தம் அத்தை" என்று குடித்தேன். இரண்டு மாதத்தில் ருசி திரும்பிவிட்டது.

நடுவில் தீபாவளி வந்தது. விடியற்காலையில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க, எனக்கு மட்டும் அத்தை ஒரு சொட்டு எண்ணெயை உச்சியில் தொட்டு வைத்து, "கங்கா ஸ்நானம் ஆச்சு, போ" என்றார். காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு உள் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறாம் வாரம் டாக்டர் திரையில் காட்டினார். அவரைக்கொட்டை ஓட்டை இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு முழுத்தோல்! பந்தல் மூடிவிட்டது. மூன்றாம் மாதம், மார்கழியில், திரும்ப ஆடியோகிராம் எடுத்தார்கள். 42 ஆக இருந்தது 22 ஆகக் குறைந்திருந்தது. ரகசியமாகக் கிசுகிசுத்தால் இன்றும் அந்தக் காதில் சரியாக விழாது. ஆனால் பால் பொங்குவதற்கு முன்னால் 'உஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது இடது பக்கத்து அடுப்பிலிருந்து வருகிறது என்று திரும்பாமலே தெரிகிறது. ராத்திரி எந்தப் பக்கம் படுத்தாலும் அத்தை செருமினால் எழுந்துவிடுகிறேன்.

இளம் தாய்மார்களுக்குச் சில வார்த்தைகள்

1. குழந்தையைக் குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும் வேண்டாம். பெரியவர்கள் சொன்னால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

2. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துப் புட்டிப்பால் கொடுக்காதீர்கள். மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழல் சிசுக்களுக்குக் குட்டையாகவும் படுக்கையாகவும் இருக்கிறது. பால் சுலபமாக அதில் ஏறும். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுங்கள்.

3. ஹேர்பின், தீக்குச்சி, சேஃப்டி பின் எதுவும் காதுக்குள் போகக்கூடாது. காதுக் குறும்பி தானாகவே வெளியே வந்துவிடும்.

4. அறை விழுந்தோ, பட்டாசுச் சத்தத்திலோ, குச்சி குத்தியோ ஜவ்வு கிழிந்தால் உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சில வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். அவர் சொல்லாமல் எந்தச் சொட்டும் விடக்கூடாது.

5. காதில் ஓட்டை உள்ளவர்கள் தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு, குளம், கிணற்றில் முழுகக் கூடாது.

6. இரண்டு வாரத்துக்கு மேல் காது வடிந்தால் அது சாதாரணச் சளி அல்ல. துர்நாற்றம், கிறுகிறுப்பு, முகம் ஒரு பக்கம் இழுப்பது, கடும் தலைவலியோடு ஜுரம் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இந்த ஆபரேஷனைச் செய்கிறார்கள். காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் சேருவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஒரு குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை, டிவியைச் சத்தமாக வைக்கிறது, வகுப்பில் கவனிப்பதில்லை என்று டீச்சர் எழுதி அனுப்புகிறார் என்றால், அதைத் திட்டுவதற்கு முன்னால் காதைக் காட்டிவிடுங்கள். மருமகளோ மாமியாரோ அப்படி இருந்தாலும் அதேதான். கேட்காததைத் திமிர் என்றும் விதி என்றும் சொல்லிக்கொண்டு வருஷங்களை ஓட்ட வேண்டியதில்லை. சுண்டுவிரல் நகம் அளவு ஜவ்வுதான். மூட வழி இருக்கிறது.